இக்னிஷன் சர்க்யூட் கோளாறு: காயிலை மாற்றிப் பார்ப்பதா, மீட்டர் பிடிப்பதா, ஸ்கோப் வாங்குவதா?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டி மிஸ் அடிக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0351, பி0352 (P0351, P0352) என்று ஏதோ ஒரு எண். இதைத்தான் கோடு (code) என்பார்கள். இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “புதுக் காயில் வாங்கிப் போட்டுவிடட்டுமா, இல்லை சோதித்துப் பார்க்கட்டுமா? சோதிப்பதென்றால் எதை வைத்து?”

காயில் என்பது பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தந்து தீப்பொறி வரவைக்கும் பாகம். அதைச் சோதிக்க வழிகள் பல இருக்கின்றன. காயில்களை இடம் மாற்றிப் பார்க்கலாம், ஸ்கேனரையே நம்பலாம், மல்டிமீட்டரையோ டெஸ்ட் லேம்பையோ எடுக்கலாம், ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) வாங்கலாம், பேசாமல் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழ்நிலையில் சரியான தேர்வுதான். சூழ்நிலை மாறினால் ஒவ்வொன்றும் பொய் சொல்லும். அதிலும் நம்பும்படியாகப் பொய் சொல்வதில் மல்டிமீட்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அதற்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

## முதலில், கோடு சொல்வது எது, சொல்லாதது எது

பி0300 வரிசையும் பி0350 வரிசையும் வேறு வேறு. பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார் வழியாகச் சுழற்சி வேகத்தைக் கவனிக்கும் இசியு (ECU, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), அந்த சிலிண்டரின் முறை வரும்போது வேகம் குறைவதைப் பார்த்து இதைச் சொல்கிறது. காரணம் தீப்பொறியாக இருக்கலாம், பெட்ரோலாக இருக்கலாம், கம்ப்ரஷனாகவும் இருக்கலாம்.

பி0352 அப்படியல்ல. ‘பி’ (B) என்ற காயிலின் மின்சுற்றில் இசியு எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பது அதன் பொருள். மின்னோட்டம் வரவில்லை, அளவு சரியில்லை, அல்லது வர வேண்டிய பதில் சிக்னல் வரவில்லை. ஆக, இது மின்சாரப் பிரச்சினை என்பது ஓரளவு உறுதி. ஆனால் சுற்று என்றால் காயில் மட்டுமல்ல. பியூஸ், ரிலே, சப்ளை ஒயர், எர்த், கட்டளை ஒயர், கனெக்டர் பின்கள், இசியுவுக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்டர் எல்லாமே அதில் அடக்கம். “காயிலை மாற்று” என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

ஏ, பி, சி என்ற எழுத்துகள் பெரும்பாலான எஞ்சின்களில் 1, 2, 3 என்ற சிலிண்டர் வரிசையையே குறிக்கும். எல்லாவற்றிலும் அப்படி இல்லை. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தப்பான சிலிண்டரில் மணிக்கணக்காகத் தேடுவது அலுப்பான வேலை.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அந்தப் பாகத்தை மாற்றும் செலவுக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

## கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒயரை எண்ணுங்கள்

காயில் கனெக்டரில் எத்தனை ஒயர் இருக்கிறது என்பதே பாதி முடிவைத் தந்துவிடும்.

இரண்டு ஒயர் இருந்தால் ஒன்று 12 வோல்ட் சப்ளை, இன்னொன்று இசியுவுக்குப் போவது. காயிலின் மின்னோட்டம் முழுவதையும் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர் இசியுவுக்குள்ளே இருக்கிறது. மூன்று ஒயர் இருந்தால் சப்ளை, எர்த், கட்டளை. ட்ரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கும். இசியு அனுப்புவது பெரும்பாலும் 5 வோல்ட் அளவிலான சின்னத் துடிப்பு மட்டும்தான். நான்காவது ஒயர் பெரும்பாலும் “தீப்பொறி அடித்தாயிற்று” என்று காயில் திருப்பிச் சொல்லும் பதில் ஒயர். டொயோட்டா வண்டிகளில் இதற்கு ஐஜிஎஃப் என்று பெயர். இந்தப் பதில் வராவிட்டால் இசியு பெட்ரோலையே நிறுத்திவிடும். ஸ்டார்ட் ஆகி உடனே அணையும் வண்டியைப் பார்த்துப் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சில காயில்களில் நான்காவது ஒயர் இரண்டாவது எர்த்தாகவும் இருக்கும், அதனால் ஒயரிங் வரைபடம் தேவை.

பழைய அமைப்பில் ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குத் தீப்பொறி தரும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஜோடியாக மிஸ் ஆனால் பிளக்கை விட்டுவிட்டுக் காயிலையும் அதன் ஒயரிங்கையும் பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே நேரத்தில் செத்தால் தனித்தனிக் காயில்களைத் தொடவே வேண்டாம். பொதுவான பியூஸ், ரிலே, எர்த், கிராங்க் சென்சார், இந்த நான்குக்குள்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் அளவுகோல், மின்னோட்டம் ஓடும்போது இந்த முறை சுற்றைச் சோதிக்கிறதா என்பது. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். இரண்டாவது, விட்டுவிட்டு வரும் கோளாறை இது பிடிக்குமா. மூன்றாவது, சோதனையே இசியுவையோ உங்களையோ காயப்படுத்துமா. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: வரைபடம் தேடுவது, கற்றுக்கொள்ளும் நேரம், திருப்பித் தர முடியாத பாகங்கள், சோதிக்கும்போது நாமே உண்டாக்கும் புதுக் கோளாறு.

கருவியின் விலையை வேண்டுமென்றே கடைசியில் தள்ளியிருக்கிறேன். மலிவான கருவி தவறான பாகத்தை வாங்க வைத்தால் அது மலிவே இல்லை.

## காயில்களை இடம் மாற்றிப் பார்ப்பது

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் எஞ்சினில் இதைவிட எளிய வழி இல்லை. 2-இல் இருக்கும் காயிலை 4-க்கும், 4-இல் இருப்பதை 2-க்கும் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0352 போய்ப் பி0354 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0352-வே திரும்பி வந்தால் காயில் நிரபராதி, ஒயரிங் பக்கம் போங்கள்.

இதன் பலம், காயில் உண்மையான வெப்பத்தில், உண்மையான அழுத்தத்தில், முழு மின்னோட்டத்தோடு சோதிக்கப்படுகிறது என்பதுதான். என் முதல் அளவுகோலில் இலவசமாகவே தேறிவிடுகிறது.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். காயிலோடு பிளக்கையும் சேர்த்து நகர்த்தினால் கோளாறு இடம் மாறும். ஆனால் எது காரணம் என்று தெரியாது. இன்னொன்று, கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதே லூஸ் காண்டாக்ட் தற்காலிகமாகச் சரியாகிவிடக்கூடும். வண்டி நன்றாக ஓடும், நீங்களும் மகிழ்வீர்கள், ஒரு மழை நாளில் மறுபடி கோடு வரும். மாற்றிய பிறகு கோளாறு எந்தப் பக்கமும் வராமல் மறைந்துபோனால் அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கனெக்டர்மீது சந்தேகம் வையுங்கள்.

ஆபத்தும் உண்டு. இரண்டு ஒயர் அமைப்பில் காயிலின் உட்சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் அது இசியுவின் ஒரு ட்ரான்சிஸ்டரை ஏற்கெனவே எரித்திருக்கலாம். அதே காயிலை நல்ல சிலிண்டருக்கு மாட்டினால் அங்கே இருப்பதையும் எரித்துவிடும். அதனால் இரண்டு ஒயர் காயில் என்றால், மாற்றும் முன் அதன் பிரைமரி (12 வோல்ட் பாயும் பக்கத்துச் சுற்று) மின்தடையை அளந்து பக்கத்துக் காயிலோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் இடம் மாற்றும் வேலையே வேண்டாம்.

## ஸ்கேனர்

ஸ்கேனர் எல்லோரும் முதலில் வாங்குவது. பலர் அதோடு நிறுத்திக்கொள்வது. கோடு படிப்பதற்கு மலிவான புளூடூத் ஸ்கேனரே போதும். அதில் பயனுள்ள இடம் ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன வெப்பத்தில், எவ்வளவு லோடில் இருந்தது என்று அங்கே எழுதியிருக்கும். கோடை அழிக்கும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, சூடான பிறகு மேட்டில் ஏறும்போது வருகிறதா என்பது பின்னால் செய்யப்போகும் எல்லாச் சோதனைக்கும் வழிகாட்டி.

பல வண்டிகளில் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பார்க்கலாம். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அது மிகவும் உதவும். ஓட்டிக்கொண்டு வந்து எண்ணைப் பார்த்தால் போதும். ஆனால் ஸ்கேனர் தருவதெல்லாம் இசியுவின் கருத்துதான். காயிலில் உண்மையில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்பதை அது அளப்பதில்லை. எங்கே தேட வேண்டும் என்பதோடு அதன் வேலை முடிகிறது.

## மல்டிமீட்டர்

கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். “சப்ளை சரியாக இருக்கிறது, அப்படியானால் காயில்தான்.” எத்தனையோ நல்ல காயில்கள் குப்பைக்குப் போனது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

சப்ளை ஒயரில் எங்கோ செம்பு அரித்துப் பச்சை பூத்து 2 ஓம் மின்தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம். அதன் வழியாக ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தத் துளி ஓட்டத்துக்கு 2 ஓம் ஒரு தடையே இல்லை. மீட்டர் முழு 12.4-ஐக் காட்டுகிறது. மூடிய குழாயில் அழுத்தம் முழுதாக இருப்பது போலத்தான் இது; திறந்து விட்டால்தான் உள்ளே அடைப்பு இருப்பது தெரியும்.

காயிலுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 6 முதல் 10 ஆம்பியர். பிரைமரி மின்தடை 0.6 ஓம், அதோடு இந்த 2 ஓம் சேர்ந்தால் மொத்தம் 2.6. 12 வோல்ட்டில் அதிகபட்சமாக ஓடக்கூடியது 4.6 ஆம்பியர்தான். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 4.6 ஓடினால் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். ஐடிலிங்கில் அதை வைத்துச் சமாளிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அங்கே மிஸ் அடிக்கும். அறிகுறி அப்படியே பலவீனமான காயில் போலவே இருக்கும். புதுக் காயில் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

மின்தடை அளப்பதிலும் இதே கதைதான். இன்றைய காயில்களின் பிரைமரி பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே. மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்து வரும் எண்ணைக் கழிக்காவிட்டால் அளவுக்கு அர்த்தமில்லை. செகண்டரியை (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுற்று) எடுத்துக்கொண்டால், உள் இன்சுலேஷன் உடைவது 20,000 வோல்ட்டில். மீட்டர் சோதிப்பதோ ஓரிரு வோல்ட்டில். மேஜைமேல் அழகாகத் தேறும் காயில் எஞ்சினில் சூடானதும் கைவிடுவதில் ஆச்சரியமில்லை. மூன்று, நான்கு ஒயர் காயில்களில் நடுவே ட்ரான்சிஸ்டர் இருப்பதால் பிரைமரியை அளக்கவே முடியாது. செகண்டரியில் டயோடு வைத்த காயில் நல்ல நிலையிலேயே ‘கட்’ என்று காட்டும்.

மூன்று, நான்கு ஒயர் காயிலின் கட்டளை ஒயரில் மீட்டரை வைத்தால் என்ன ஆகும்? 750 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு 160 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் தீப்பொறி. துடிப்பின் நீளம் 3 மில்லிசெகண்டு என்று வைத்தால் 5 வோல்ட் இருப்பது மொத்த நேரத்தில் 2 சதவீதம்கூட இல்லை. மீட்டர் சராசரியைக் காட்டும்: சுமார் 0.09 வோல்ட். இதைப் பார்த்து “சிக்னலே வரவில்லை, இசியு போச்சு” என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. வோல்ட்டுக்குப் பதிலாக ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை துடிப்பு) நிலையில் வையுங்கள். அதே 750 ஆர்பிஎம்மில் 6.25 அருகே காட்டினால் துடிப்பு வருகிறது. துடிப்பின் வடிவம் சரியா என்பது தெரியாது. ஆனால் இசியுவைத் தேவையில்லாமல் கழற்றாமல் தப்பிக்கலாம்.

இவ்வளவு திட்டினாலும் மீட்டர் இல்லாமல் வேலை நடக்காது. பியூஸ், முழுதாகக் கட்டான ஒயர், பாடியில் உரசி ஷார்ட் ஆன ஒயர், பாட்டரி வோல்டேஜ் ஆகியவற்றுக்கு இதுதான் வேகமான கருவி. கன்டின்யூட்டி (ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்க்கும்போது சாவியை எடுத்துவிட்டு, ஒயரின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். தடித்த புரோபை கனெக்டரின் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். பின் விரிந்துவிடும், வரும்போது இல்லாத ஒரு லூஸ் காண்டாக்டை நீங்களே செய்துவைத்துவிட்டுப் போவீர்கள். மீட்டரின் மறைந்த செலவு என்று நான் சொல்வது இதைத்தான். இரண்டு ஒயர் காயிலின் கட்டளைப் பக்கத்தில் எஞ்சின் ஓடும்போது 300, 400 வோல்ட் உச்சம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே மீட்டரும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

## டெஸ்ட் லேம்ப்

மல்டிமீட்டர் ஏமாறும் இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு ஏமாறாது. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் எடுக்கும். காயில் எடுக்கும் அளவுக்கு அது பக்கத்தில் வருகிறது. காயிலைக் கழற்றிவிட்டு, ஒயரிங் பக்கக் கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பல்பை இணையுங்கள். அந்தக் கனெக்டருக்குப் பொருத்தமான சின்னப் பின்னை வைத்து இணைக்க வேண்டும். பல்பு எரியும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து அளந்து, பாட்டரி வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் தேட வேண்டிய நேரம். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட நன்றாக ஓடும் சிலிண்டரின் கனெக்டரிலும் இதையே அளந்து ஒப்பிடுவது மேல். அங்கே 12, இங்கே 9 என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மீட்டரின் கருப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் சிவப்பை எர்த் பின்னிலும் வைத்தால், வோல்டேஜ் எர்த் பக்கம் விழுகிறதா சப்ளை பக்கம் விழுகிறதா என்று பிரித்துவிடலாம். இரண்டு ஒயர் காயிலில் எர்த் பின் கிடையாது என்பதால் பல்பின் மறுமுனையை எஞ்சின் பாடியில் வைக்க வேண்டும்.

பல்பு எரியும்போதே ஒயர் கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். எஞ்சின்மேல் உரசும் இடம், பிராக்கெட் விளிம்பு, எக்ஸாஸ்ட் பக்கம் போகும் வளைவு, இங்கெல்லாம் அசைக்கும்போது வெளிச்சம் குறைந்தால் பிடிபட்டுவிட்டது. விட்டுவிட்டு வரும் ஒயரிங் கோளாறுக்கு இவ்வளவு மலிவான சோதனை வேறு எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த பல்பைக் கட்டளை ஒயர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சில மில்லி ஆம்பியருக்காகச் செய்யப்பட்ட அந்த வெளியீட்டில் ஆம்பியர் கணக்கில் இழுத்தால் இசியு காலி. சின்ன இழை பல்பு வைத்த சாதாரண டெஸ்டரும் அங்கே வேண்டாம். மூன்று, நான்கு ஒயர் காயிலில் எல்இடி டெஸ்டர்தான் பொருத்தம். எஞ்சினைச் சுற்றும்போது அது மினுக்கினால் துடிப்பு வருகிறது.

தீப்பொறியைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டரை வாங்கிக்கொள்ளுங்கள். காயிலை அந்தரத்தில் விட்டு எஞ்சினைச் சுற்றும் பழைய பழக்கம் ஆபத்தானது. போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலின் இன்சுலேஷனையே உடைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவியும் வரும், அதனால் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

## ஆசிலோஸ்கோப்

மற்ற கருவிகள் ஊகிக்கும் விஷயத்தை ஸ்கோப் நேரடியாகக் காட்டுகிறது. குறைந்த ஆம்பியரை அளக்கும் கிளாம்ப்பைக் காயில்களின் பொதுச் சப்ளை ஒயரைச் சுற்றி மாட்டினால் போதும். எதையும் குத்த வேண்டாம், கழற்ற வேண்டாம். எஞ்சின் ஓட ஓட எல்லாக் காயிலும் வரிசையாகத் திரையில் வரும். நல்ல காயிலின் மின்னோட்டம் சாய்வாக ஏறும். தொடக்கத்திலேயே செங்குத்தாக எகிறினால் உள்ளே சுற்றுகள் ஷார்ட். மற்றவற்றைவிடக் கீழேயே சாய்வு தட்டையாகி மேலே போக மறுத்தால் சுற்றில் எங்கோ மின்தடை. அந்த 2 ஓம் இங்கே மறைய முடியாது. ஒரு மேடு அடியோடு காணவில்லை என்றால் கட்டளை வரவில்லை, அல்லது சுற்று முழுதாகக் கட்.

“நல்ல அலைவடிவம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதே” என்பதுதான் வழக்கமான தயக்கம். ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்றால் மற்ற மூன்றும் உங்கள் பாடப்புத்தகம். வித்தியாசமாக இருப்பதைக் கண்டுபிடிக்க வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. எல்லாமே ஒரே மாதிரி கெட்டிருந்தால்தான் அனுபவம் தேவை.

மறைந்த செலவு கணிசமானது. கிளாம்ப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். இரண்டு ஒயர் காயிலின் பிரைமரி வோல்டேஜைப் பார்க்க 10-க்கு 1 அல்லது 20-க்கு 1 அட்டென்யுவேட்டர் (வோல்டேஜை அந்த விகிதத்தில் குறைத்துத் தரும் இணைப்பு) கட்டாயம். அது இல்லாமல் 400 வோல்ட்டைக் கொடுத்தால் முதல் நாளே ஸ்கோப் போய்விடும். டிரிகர், டைம் பேஸ் என்று பழக வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். ஒரே ஒரு கோளாறுக்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் பல வண்டிகள் இருந்து, நீங்களே வேலை செய்யும் பழக்கமும் இருந்தால் அது வேறு கணக்கு.

## சோதிக்காமல் புதுக் காயில்

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சில வி6 எஞ்சின்களில் பின்பக்கக் காயில்களைத் தொடவே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். காயில்களுக்கும் வயதாகியிருந்தால், ஒருமுறை திறந்ததும் அந்தப் பக்கத்துக் காயில், பிளக் எல்லாவற்றையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். உழைப்புதான் இங்கே பெரிய செலவு.

மற்றபடி, காயில் ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். தேய்ந்த பிளக்கில் இடைவெளி கூடியிருக்கும், அதைத் தாண்டக் காயில் ஒவ்வொரு முறையும் அதிக வோல்டேஜ் எழுப்ப வேண்டியிருக்கும், இன்சுலேஷன் சீக்கிரம் சோர்ந்துவிடும். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் ஆயில் தேங்கினால் காயிலின் ரப்பர் உறை ஊறிப்போகும். உறையிலோ பிளக்கின் பீங்கானிலோ மெல்லிய கருப்புக் கீற்று தெரிந்தால் தீப்பொறி அந்த வழியாகத் திருட்டுத்தனமாக எர்த் ஆகிறது. பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எலக்ட்ரிக்கல் பாகத்தைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## ஒர்க்‌ஷாப்பில் விடுவது

நேரமில்லை, வரைபடம் இல்லை, அல்லது கோளாறு மாதத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டுகிறது என்றால் விட்டுவிடுவதே மேல். “எதை மாற்றுவீர்கள்” என்று கேட்காமல் “எதை அளந்து பார்ப்பீர்கள்” என்று கேளுங்கள். கோடைப் படித்ததும் காயில் விலையைச் சொல்லும் இடமென்றால், அந்த வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். சோதனைக்கென்று தனிக் கட்டணம் கேட்பவர்மேல் கோபப்படாதீர்கள். பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை என்று அதற்குப் பொருள். ஃப்ரீஸ் ஃப்ரேம் குறிப்பைக் கையில் கொடுங்கள், அவர் நேரம் பாதி மிச்சம்.

## ஒரே பார்வையில்

| வழி | மின்னோட்டம் ஓடும்போது சோதிக்கிறதா | விட்டுவிட்டு வரும் கோளாறு | எதில் கவனம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| இடம் மாற்றுதல் | ஆம், காயிலை மட்டும் | ஓரளவு | ஷார்ட் ஆன காயில் | தற்காலிகமாகச் சரியாகும் கனெக்டர் |
| ஸ்கேனர் | அளப்பதில்லை | நன்று | அழிக்கும் முன் குறிப்பு | தவறான நம்பிக்கை |
| மல்டிமீட்டர் | தனியாக இல்லை | பலவீனம் | 400 வோல்ட் உச்சம் | விரிந்த பின், வரைபடம் |
| 55 வாட் பல்பு | ஆம், சப்ளையும் எர்த்தும் | ஒயரிங்கில் நன்று | கட்டளை ஒயரில் கூடாது | பொருத்தமான பின்கள் |
| ஸ்கோப் | ஆம், முழுச் சுற்றும் | மிக நன்று | அட்டென்யுவேட்டர் | கிளாம்ப், பழகும் நேரம் |
| நேரடி மாற்றம் | பொருந்தாது | இல்லை | பாகத்தின் தரம் | திருப்ப முடியாது, மூல காரணம் அப்படியே |

## அப்படியானால் எதை எடுப்பது

கோளாறு நிலையாக இருக்கிறது, கை எட்டும் இடத்தில் தனித்தனிக் காயில்கள் என்றால் இடம் மாற்றுவதில் தொடங்குங்கள். கோடு கூடவே போனால் காயில், பிளக் இடைவெளி, ஆயில் கசிவு மூன்றையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். கோடு அங்கேயே நின்றால் அடுத்தது பல்பு. மீட்டர் பல்புக்குத் துணையாக வரட்டும், தனியாக வேண்டாம். பல்பு நன்றாக எரிந்தால், மூன்று, நான்கு ஒயர் காயிலின் கட்டளை ஒயரில் எல்இடி டெஸ்டரோ ஹெர்ட்ஸ் அளவோ.

சூடான பிறகோ மழையிலோ மட்டும் வருகிறது, இடம் மாற்றியும் தெளிவாகவில்லை என்றால் மேற்கொண்டு ஊகிக்காமல் ஸ்கோப் வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஒரு காயில், பிறகு இன்னொரு காயில், பிறகு பிளக் செட் என்று வாங்கிச் சேர்க்கும் பணத்தில் அவர் கட்டணம் அடங்கிவிடும்.

இசியு கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கட்டளை ஒயர் இரு முனைக்கும் நடுவே கட்டாகவில்லை, சப்ளையிலோ எர்த்திலோ உரசவில்லை, இசியுவின் சொந்தச் சப்ளையும் எர்த்தும் பல்பு லோடில் தேறுகின்றன, கிராங்க் சென்சார் சிக்னல் வருகிறது, பக்கத்துக் காயிலுக்குத் துடிப்பு போகிறது, இதற்கு மட்டும் போகவில்லை. இத்தனையும் உறுதியான பிறகுதான் இசியுவைச் சந்தேகிக்கலாம். இரண்டு ஒயர் அமைப்பாக இருந்தால், புது இசியுவை மாட்டும் முன் அந்தப் பழைய காயிலைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். முதல் ட்ரான்சிஸ்டரை எரித்தது அதுவாக இருந்தால் இரண்டாவதையும் விட்டுவைக்காது.